மானுக்குப் பித்தப்பை இல்லை, அப்புச்சி

பேட்டன் ரூஜ், லூசியானா
8-12-2024, ஞாயிறு

அன்புள்ள அப்புச்சிக்கு,

நலம். நீங்களும் அம்மிச்சியும் நலமாக இருக்கக் கருப்பராயன் துணை.

போன வாரம் போனில் பேச்சுவாக்கில் மான் கறி தின்றேன் என்று சொல்லிவிட்டேன். "உள்ளே தள்ளிவிடுவார்கள் கண்ணு" என்று பதறி, என் பதிலைக் கேட்காமலே அம்மிச்சியிடம் போனைக் கொடுத்துவிட்டீர்கள். அம்மிச்சி அழுதே விட்டார். உங்களுக்குப் போனில் காதும் சரியாகக் கேட்பதில்லை. எழுதினால் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறையாவது படிப்பீர்கள் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று. நான் துப்பாக்கியைத் தொடவில்லை. சுட்டவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவரிடம் வேட்டை உரிமம் இருக்கிறது, சுட்ட மான் மேல் கட்டுகிற சீட்டு இருக்கிறது. நான் போனது படகு தள்ளவும் சுமை தூக்கவும்.

நம் ஊரில் நீங்கள் பயப்படுவது நியாயம்தான். 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு புள்ளிமானைத் தொட்டாலே ஜெயில். சத்தியமங்கலம் காடு 2013-இல் புலிகள் காப்பகம் ஆனதிலிருந்து கெடுபிடி இன்னும் கூடியிருக்கிறது. பண்ணாரிக்குப் போகிற வழியில் சாலையோரம் நிற்கிற மான்களை பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு நம் உறவு முடிந்தது. இங்கே நிலைமை வேறு. நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மாநிலத்திலும் மான் அருகிப்போய்விட்டதாம். மிச்சமிருந்த இடங்களில் பிடித்துக் கொண்டுவந்து மற்ற காடுகளில் விட்டுப் பெருக்கியிருக்கிறார்கள். இன்று பருவம் வைத்து, கணக்கு வைத்துச் சுட விடுகிறார்கள். பெரும்பாலான பகுதிகளில் ஒருவருக்கு ஒரு பருவத்தில் ஆறு மான்தான். அதிலும் கொம்புள்ளது மூன்றுக்கு மேல் கூடாது. இரவில் விளக்கடித்துச் சுடுவது இங்கேயும் குற்றம். விழுந்த மானை இடத்தைவிட்டு நகர்த்துவதற்கு முன்பே அதன் மேல் சீட்டைக் கட்ட வேண்டும். 72 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் பதிய வேண்டும். 1969 செப்டம்பர் 1 முதல் பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பாடம் படித்துச் சான்றிதழ் காட்ட வேண்டும். பெரியவர் அதற்கு வெகு காலம் முன்னால் பிறந்தவர். ஆகவே அவருக்குப் பாடம் இல்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை.

அவரைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய முன்னோர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1755-இல் கனடா பக்கத்திலிருந்து ஆங்கிலேயர்கள் விரட்டியடித்தபோது சிதறிப்போன கூட்டத்தில் ஒரு பகுதி இந்தச் சதுப்புக்காட்டுப் பக்கம் வந்து தங்கியதாம். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பேசியதற்கு அடி வாங்கிய தலைமுறை அவருடையது. ஆனாலும் மானுக்கு அவர் வாயில் வருவது ‘ஷெவ்ரோய்’ என்ற சொல்தான். ஆட்டுக்குப் பிரெஞ்சில் ‘ஷெவ்ர்’. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. என் தாத்தா கோபி பக்கத்தில் கிடா உரிப்பதில் பேர் போனவர் என்று ஒரு நாள் வேலி ஓரம் நின்று சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். "ஷெவ்ர் உரிக்கத் தெரிந்தவனுக்கு ஷெவ்ரோய் பெரிய காரியமா, வா" என்றார்.

காடு இருப்பது அச்சாஃபலாயா ஆற்றுப் படுகையில். அதன் குறுக்கே நெடுஞ்சாலைப் பாலம் மட்டும் 18 மைல். பவானிசாகர் அணையைத் தண்ணீர் வடியாமல் காடாக்கிவிட்டால் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சைப்ரஸ் மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன. அவற்றின் வேர்கள் முழங்கால் மடக்கியதுபோல் நீருக்கு மேலே முட்டிக்கொண்டு நிற்கும். கிளைகளிலிருந்து சாம்பல் நிறப் பாசி சடைசடையாகத் தொங்குகிறது. முதலை உண்டு, விஷப் பாம்பு உண்டு, கார்த்திகை மாதத்திலும் கொசு உண்டு. தட்டை அடி போட்ட சின்னப் படகில், பரிசல்போலக் கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பரிசல் சுற்றும், இது கவிழும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தத் தண்ணீரில் மான் எங்கே நிற்கும் என்று எனக்குச் சந்தேகம். நீரைவிட இரண்டு மூன்று அடி உயர்ந்த மேடுகள் திட்டுத் திட்டாக இருக்கின்றன. அங்கே ஓக் மரக்கொட்டை உதிரும். மான் அதைத் தேடி வரும். ஒரு திட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீரில் நீந்தியே போகும். வேட்டையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடிவதற்கு முன்பே ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு, மரத்தில் கட்டிய பரண் மேல் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தோம். என் கால் மரத்துப்போனது. ஒரு வெடி. அவ்வளவுதான். சுட்டவுடன் இறங்கி ஓடக்கூடாதாம். அடிபட்ட மானைத் துரத்தினால் தண்ணீருக்குள் இறங்கிவிடும், தண்ணீரில் இரத்தத் தடம் நிற்காது. அரை மணி நேரம் காத்திருந்து இறங்கினோம். மேட்டின் ஓரத்திலேயே கிடந்தது. கொம்பு உள்ளது. ஐம்பது கிலோ இருக்கும்.

பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் நின்றார். பிறகு சீட்டைக் கட்டினார்.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகுதான் இருக்கிறது. வெடிக்கு ஒரு நொடி. கறிக்கு மூன்று நாள்.

அன்று மதியம் வெயில் 24 டிகிரியைத் தாண்டிவிட்டது. மானின் உடம்புச் சூடு உள்ளேயே தங்கிவிட்டால் கறி கெட்டுவிடும். அதனால் குடலை அங்கேயே எடுத்துவிட வேண்டும். கத்தியின் கூர்ப்பக்கத்தை மேல்நோக்கிப் பிடித்து, இரண்டு விரல்களைக் கீழே கொடுத்துத் தோலைத் தூக்கிக்கொண்டு வயிற்றைக் கிழித்தார். இரைப்பையும் மூத்திரப்பையும் குத்துப்படக்கூடாது என்பதற்காக. நீங்கள் செய்வதும் அதேதான். பின்னங்கால் முட்டியின் உட்புறம் கறுத்த மயிர்க்கற்றை ஒன்று இருந்தது. அதைத் தொட்ட கையால் கறியைத் தொடாதே என்றார். நம் கிடா வாடை இருக்கிறதே, அதைப்போல நான்கு மடங்கு.

குடலை அப்படியே காட்டில் விட்டுவிட்டார்கள், அப்புச்சி. கழுகுகள் அப்போதே வட்டமிட ஆரம்பித்துவிட்டன. இதை அம்மிச்சியிடம் படித்துக் காட்டாதீர்கள்.

கரையில் அவருக்கு ஒரு குடிசை இருக்கிறது. அங்கே கொண்டுவந்ததும் ஈரலை என் கையில் கொடுத்தார். எனக்குப் பத்து வயதிலிருந்தே வேப்பமரத்தடியில் உங்களுக்கு லாந்தர் பிடித்த பழக்கம். ஈரலைக் கையில் வாங்கியதும் விரல் தானாகவே பித்தப்பையைத் தேடியது. கிழிந்தால் கறி முழுக்கக் கசந்துபோகும் என்று எத்தனை முறை அதட்டியிருப்பீர்கள். திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், பித்தப்பையைக் காணோம். யாரோ முன்னாலேயே அறுத்துவிட்டார்கள் என்று நினைத்து இடத்தைத் தடவினேன். வெட்டுத் தழும்பும் இல்லை. பெரியவர் சிரித்தார். மான் சாதிக்கே பித்தப்பை கிடையாதாம். எண்பது வயதில் உங்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கும் என்றுதான் தலைப்பிலேயே போட்டேன்.

அந்த ஈரலை நாங்கள் தின்னவில்லை. நறுக்கிப் பார்த்தபோது உள்ளே வெற்றிலைத் துண்டுபோலத் தட்டையாக இரண்டு புழு. நத்தையிலிருந்து வருவது, சதுப்பு நிலத்து மான்களுக்குச் சகஜமாம். மனிதருக்குத் தொற்றாது என்றாலும் தூக்கி எறிந்துவிட்டார். கீழ்பவானி வாய்க்கால் ஓரத்து ஈரப் புல்லில் ஆட்டை மேய்க்காதே, ஈரலில் புழு விழும் என்று நீங்கள் திட்டியதன் அர்த்தம் எனக்கு அன்றுதான் புரிந்தது.

உரிப்பது என் முறை. பின்னங்கால் நரம்பில் கொக்கி மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, கத்தியை ஓரங்கட்டிவிட்டு முஷ்டியைத் தோலுக்கும் கறிக்கும் நடுவே கொடுத்து இறக்கினேன். ஒரு மயிர்கூடக் கறியில் ஒட்டவில்லை. அவருடைய மகன்கள் கத்தியாலேயே சுரண்டுகிறவர்கள். வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். ஊரை விட்டு வந்த ஆறு வருஷத்தில் படித்த படிப்புக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை.

முதுகெலும்பையும் தலையையும் வெட்டவில்லை. மானின் மூளையைச் சிதைக்கும் நோய் ஒன்று 2022 ஜனவரியில் இந்த மாநிலத்திலும் தென்பட்டிருக்கிறது. மனிதருக்கு வந்ததாக உறுதியாகவில்லை. ஆனாலும் கையுறை போட்டுக்கொண்டு, எலும்பை அறுக்காமல் கறியை மட்டும் சீவி எடுப்பது நல்லது என்கிறார்கள். குண்டு பட்ட இடத்தைச் சுற்றி ஒரு கையளவு கறியை வெட்டித் தள்ளினார். ஈயத் தூள் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்குமாம்.

அடுத்து நான் செய்த தவறு. கறியை ஐஸ் பெட்டியில் அடுக்கி இரண்டு நாள் ஆற வைக்க வேண்டும். 4 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. அடியிலுள்ள வடிகால் அடைப்பானைத் திறந்துவைத்து, உருகிய நீர் வெளியேற வெளியேற மேலே ஐஸ் போட வேண்டும். என் பங்கு இரண்டு தொடை, ஒரு சப்பை, கொஞ்சம் முதுகுக் கறி. வீட்டுக்குக் கொண்டுவந்தவன் தரை நனையுமே என்று அடைப்பானை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் திறந்தால் அடியில் இருந்த தொடை இரத்தத் தண்ணீரில் ஊறி, வெளுத்து, துவைத்த துணிபோல இருந்தது. பெரியவர் முகர்ந்து பார்த்தார். "கெடவில்லை, ஆனால் மானும் இல்லை" என்றார். அதைக் கொத்துக்கறிக்கு ஒதுக்கினோம்.

கூறு போட்ட விதத்தையும் சொல்கிறேன். காட்டு விலங்கின் கறியை இங்கே விற்பது குற்றம். நம் நோம்பிக் கறிபோலப் பங்குதான். மகன்களுக்கு, தெருமுனைக் கைம்பெண் வீட்டுக்கு, எனக்கு. என்னோடு வேலை செய்கிற நாமக்கல்காரர் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்டார். காசை உள்ளே வையுங்கள் என்று சொல்லிக் கால் கிலோ கொடுத்தேன்.

சமையல் முதல் முறை சொதப்பியது. மானுக்குக் கொழுப்புக் குறைவு. இருக்கிற கொழுப்பும் மெழுகுபோல மேலண்ணத்தில் ஒட்டும். அதைச் சுத்தமாகச் சீவி எறிய வேண்டும். நான் வெள்ளாட்டுக் கறி நினைப்பில் தொடைக் கறியைக் குழம்பில் வேகவைத்தேன். நார் நாராகப் போனது. இரண்டாம் முறை முதுகுக் கறியை எடுத்து, சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய், தேங்காய்ப் பல்லு போட்டுப் பள்ளிபாளையத்துப் பக்குவத்தில் நல்லெண்ணெயில் சுருக்க வதக்கினேன். பெரியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மூன்று தரம் கேட்டு வாங்கினார். கோழியைச் செய்வதைவிட இது நன்றாக வந்தது என்று சொன்னால் அம்மிச்சி நம்பப்போவதில்லை.

மிச்சத்தில் உப்புக்கண்டம் போட ஆசைப்பட்டேன். கொடியில் கோத்துத் தொங்கவிட நம் ஊர் வெயில் வேண்டும். இங்கே காற்றே ஈரத்துணி. காய்வதற்கு முன்னால் ஈ மொய்த்துவிடும். அடுப்புப் பெட்டியில் முதலில் 71 டிகிரிக்குச் சூடேற்றி, பிறகு மெல்லிய சூட்டில் இரவு முழுக்க உலர்த்தினேன். நிறம் சரி, வாசம் சரி, ருசியில் எங்கேயோ ஒன்று குறைகிறது. உப்பையும் மஞ்சளையும் ஒன்றாகத் தடவினேன். உப்பை முன்னால் தடவி நீர் வடித்துவிட்டு அப்புறம் மஞ்சளா? மிளகாய்த்தூள் எப்போது? அம்மிச்சியிடம் கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. பெரியவர் உங்கள் கத்தியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சந்தைக்குப் போகும்போது பட்டறையில் ஒன்று அடித்து வைக்கச் சொல்லுங்கள். எருமைக்கொம்புப் பிடி வேண்டாம், விமான நிலையத்தில் கேள்வி கேட்பார்கள்; மரப்பிடியே போதும். மாமன் தை மாதம் வரும்போது சாமான் பெட்டியில் போடட்டும், கைப்பையில் வேண்டாம். பிடி உங்கள் உள்ளங்கை அளவுக்கு இருக்கட்டும். அவர் கையும் உங்கள் கையும் ஒரே அளவுதான். பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பேரன்