சிரியோன் ஆற்றைக் கடக்க வைத்தவர்களுக்கு

நம் வாசிப்புக் குழுவின் எல்லாருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை டோல்கீனின் 'சில்மரில்லியன்' புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்தோம். அன்றைக்கு யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்ல வாய்க்கவில்லை. ஃபெரிப் படகைப் பிடிக்க வேண்டும் என்று பாதிப் பேர் எழுந்துவிட்டீர்கள். வீட்டுக்கு வந்து குளித்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மனசு நிறைந்து வந்தது. அதனால் எல்லாரும் பார்க்கும்படியே எழுதுகிறேன்.

இந்தப் புத்தகத்தை நான் தனியாக இரண்டு முறை எடுத்து, இரண்டு முறையும் பாதியில் வைத்தவள். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய அதே டோல்கீன்தான் இந்தக் கதைகளை முதல் உலகப் போர்க் காலத்தில் எழுதத் தொடங்கினார். 1973இல் இறக்கும்வரை திருத்திக்கொண்டே இருந்தார், முடிக்கவில்லை. அவர் விட்டுப்போன காகிதக் கட்டுகளை மகன் கிறிஸ்டோஃபர்தான் தொகுத்து 1977இல் வெளியிட்டார். ஆங்கிலம் பழைய பைபிளின் ஆங்கிலம். ஒரு பக்கத்தில் பத்துப் புதுப் பெயர் வரும். பிறை ஊரில் கிடங்குக் கணக்கு பார்க்கும் எனக்கு, வேலையிடத்து ஆங்கிலம் அங்கே துணைக்கு வரவில்லை.

முதல் நன்றி தவில் மாமாவுக்கு. புத்தகம் பாட்டில் தொடங்குகிறது. படைத்தவரான இலூவதார் ஒரு இசையைக் கொடுக்கிறார், தேவர்கள் மாதிரியான ஐனூர்கள் அதைப் பாடுகிறார்கள், உலகம் அதிலிருந்து உருவாகிறது. நடுவில் அவர்களில் ஒருவனான மெல்கோர் தன் இஷ்டத்துக்கு வேறொன்றைக் கலக்கிறான். இதற்கு என்ன பொருள் என்று நாங்கள் முட்டிக்கொண்டிருந்தபோது, பேரனைக் கூட்டிப்போக வந்திருந்த மாமா வாசல் பக்கத்து நாற்காலியிலிருந்து பேசினார். "கோயில்ல வாசிக்கும்போது ஒருத்தன் சுருதி விலகினா, பக்கத்துல இருக்கறவன் கொஞ்ச நேரம் தாங்குவான். அப்புறம் அவனும் அங்கேயே சாஞ்சிடுவான். சத்தம் எங்க பெருசோ காது அங்கதான் போகும்" என்று சொல்லித் தொடையில் தட்டிக் காட்டினார். கொஞ்சம் தள்ளிப் படித்தால் புத்தகத்திலும் அதேதான்: மெல்கோருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சோர்ந்துபோகிறார்கள், சிலர் தங்கள் பாட்டை அவன் பாட்டோடு சேர்த்துக்கொள்கிறார்கள். மாமா, நீங்கள் அந்தப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டீர்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து வரும் அக்காவின் மணிலா அட்டை இல்லாவிட்டால், கதையில் வரும் எல்ஃப் அரசன் ஃபின்வே குடும்பத்திலேயே தொலைந்திருப்போம். தகப்பன் ஃபின்வே. பிள்ளைகள் ஃபெயானோர், ஃபிங்கோல்ஃபின், ஃபினார்ஃபின். பேரன்மாரில் ஃபிங்கோன், ஃபின்ரோட். அக்கா எல்லாரையும் தமிழில் எழுதி, மூத்தாள் வழிக்குச் சிவப்பு மை, இளையாள் வழிக்கு நீல மை போட்டு வந்தார். "மூத்தாள் பிள்ளை ஒண்ணு, இளையாள் பிள்ளைங்க ரெண்டு, இப்பப் புரியுதா?" என்றார். புரிந்தது. அதற்கு மேல் அந்த வீட்டுச் சண்டைக்கு விளக்கமே தேவைப்படவில்லை. உச்சரிப்பையும் அக்காதான் பின்னிணைப்பைப் பார்த்துச் சரிசெய்தார். அரெதெல் என்ற பெயரின் நடுவில் வரும் ஒலி, நாம் 'அது' என்று சொல்லும்போது வருகிற அதே மெல்லிய 'த'. ஆங்கில எழுத்தில் அதற்கு இரண்டு எழுத்தும் ஒரு குறிப்பும் வேண்டியிருக்கிறது, நம் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. அன்று முதல் பெயர்களைச் சத்தமாகச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

அடுத்தது பதினான்காம் அத்தியாயம். கதை நடக்கும் பெலேரியாண்ட் நாட்டின் மலையும் ஆறும் எல்லையும் மட்டும்தான் அதில். கதையே கிடையாது. தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் விட்டுத் திரும்பியபோது நான்கு பேர்தான் வந்திருந்தோம். அதைத் தாண்டிப் போய்விடலாம் என்று நானே சொன்னேன். அப்போது லாரி அண்ணன், புத்தகத்தோடு வந்த வரைபடத்தைப் போட்டோஸ்டேட் கடையில் பெரிதாக்கி, நான்கு தாளை ஒட்டிக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். இருபது வருடம் தைப்பிங், ஈப்போ என்று சரக்கு ஓட்டியவர். "ஊரை மனப்பாடம் பண்ணாதீங்க, ஆத்தைப் பிடிங்க" என்று சிரியோன் ஆற்றை வடக்கிலிருந்து தெற்கே விரலால் இழுத்தார். இந்தக் கை டோரியாத், அந்தக் கை நார்கோத்ரோண்ட், இந்த இடத்தில் ஆறு பூமிக்குள் போய்க் கொஞ்ச தூரம் தள்ளி வெளியே வருகிறது என்று காட்டினார். அந்த அத்தியாயத்தை விட்டுவிடச் சொல்கிறவர்கள் பலர். அது தப்பு என்று இப்போது அடித்துச் சொல்வேன். நார்கோத்ரோண்ட் எரிந்தபோது அண்ணன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய், சுவரில் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். எரிந்தது எங்களுக்குத் தெரிந்த ஊர்.

டீச்சருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒவ்வொரு பத்தியையும் ஆங்கிலத்தில் ஒரு தடவை வாசித்து, பிறகு தமிழில் கதையாகச் சொன்னது நீங்கள்தான். கதையில் ஹூரின் என்ற வீரன் 28 வருடம் சிறையில் இருந்து வெளியே வருகிறான். மகன் தூரினும் மகள் நியெனோரும் உறவு தெரியாமல் கணவன் மனைவியாகி, உண்மை தெரிந்து இறந்துபோனார்கள். அவர்கள் பேர் வெட்டிய கல்லடியில் கிழிந்த துணியோடு ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். அவள்தான் மனைவி மோர்வென். மகள் அண்ணனை எப்படிக் கண்டுபிடித்தாள், தெரிந்தால் சொல் என்று கேட்கிறாள். ஹூரின் பதில் சொல்லவில்லை. பொழுது சாய்கிறது, அவன் கையை இறுக்கிப் பிடிக்கிறாள், அடங்கிப்போகிறாள்.

அங்கே டீச்சர் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். கீழே கடையில் தே தாரேக் தேநீர் ஆற்றும் சத்தம் மட்டும் கேட்டது. "ஏன் அவன் பதில் சொல்லல?" என்று மெதுவாகக் கேட்டார். ஆறாம் படிவத்துத் தம்பி, மாமாவின் பேரன், அதுவரை வாயே திறக்காதவன், "சொல்லியிருந்தா அவங்களால நிம்மதியா போயிருக்க முடியாது டீச்சர்" என்றான். தம்பி, உனக்கும் நன்றி. அந்த ஒரு வரிக்காக நான் இன்னொரு எட்டு மாதம் வருவேன்.

லெபோ பாசார் பக்கத்தில் மாடியறையை ஒரு வெள்ளிகூட வாங்காமல் கொடுத்து, காற்றாடியையும் மாற்றிப் போட்ட கடைக்கார அண்ணாச்சிக்கு நன்றி. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட என் மாமியாருக்கும், இரவில் நான் சொல்லச் சொல்லக் கதை கேட்ட வீட்டுக்காரருக்கும் நன்றி. இடையில் வர முடியாமல் போன மூவருக்கும்தான். உங்கள் பெயர்களை நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை.

டீச்சர், நீங்கள் கொடுத்த பிரதியில் அட்டை கழன்றிருந்தது. துணிப் பட்டை வைத்து ஒட்டியிருக்கிறேன், பசை காய இரண்டு நாள் ஆகும். வரும் ஞாயிறு கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி
பினாங்கு