பேத்தியை எப்படித் தூக்குகிறாய், கண்ணு?

கண்ணு,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பேத்திக்கு அப்படியே அம்மாச்சியின் நெற்றி. ஆனால் பிள்ளையைச் சுமக்கிற அந்தப் பையில் காலைத் தொங்கவிட்டு, முகம் வெளியே பார்க்கிற மாதிரி மாட்டியிருக்கிறீர்களே, அது வேண்டாம். கழுத்து நிற்காத பிள்ளை உன் மார்பைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். தொடை இரண்டும் விரிந்து, முழங்கால் பிட்டத்தைவிடக் கொஞ்சம் மேலே இருந்தால்தான் இடுப்பு மூட்டு சரியாக அமையும். மூக்கில் துணி படக்கூடாது, தாடை நெஞ்சில் அழுந்தக்கூடாது. இதை மாப்பிள்ளைக்கும் காட்டு.

ஒரு படத்திலும் உன் முகம் இல்லை. எல்லாம் நீயே எடுக்கிறாய் போலிருக்கிறது. சரி.

வேலையில் இருந்தபோது தடுப்பூசிப் பெட்டியோடு மலைவாழ் மக்களான முதுவர்களின் குடிகளுக்குப் போவேனே, அட்டைக் கடியோடு திரும்பி வருவேன், நீ உப்பு எடுத்துக்கொண்டு ஓடி வருவாய். அங்கே அம்மாக்கள் சேலையைத் தோளில் முடிச்சுப் போட்டு, முதுகுப் பக்கம் விழும் மடிப்பில் பிள்ளையை உட்கார வைத்திருப்பார்கள். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்கள். சமவெளியில் நாம் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிடலாம். மலையில் ஒரு ஆள் போகிற தடம்தான், வேரையோ பாறையையோ பிடிக்க இரண்டு கையும் வேண்டும், ஒரு பக்கம் பாரம் சாய்ந்தால் கால் வழுக்கும். முதுகில் இருந்தால் அந்தக் குளிரில் பிள்ளைக்குத் தாயின் சூடும் கிடைக்கும். விறகு எடுக்கிற வேலையும் நிற்காது. எடை பார்க்கத் தராசுத் தூளியில் போட்டால்தான் அந்தப் பிள்ளைகள் கத்தும், மறுபடி முதுகுக்குப் போனால் சத்தமே இருக்காது.

அம்மாச்சிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவள் முதுகு கூடைக்குப் போய்விட்டது, கூடைக் கயிறு தலையில், இரண்டு கையும் தேயிலைக் கொழுந்தில். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற தோட்டத்தில் பிள்ளைக் கொட்டகை வைக்க வேண்டும் என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் இருந்ததால் நான் அங்கே ஆயாவிடம் வளர்ந்தேன். நடுவில் இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி ஏறுவாள். மலையிலேயே இருந்தும் பிள்ளையை முதுகில் கட்ட முடியாதவள். அந்த லைன் வீட்டிலிருந்து ஒரு பேத்தி எம்.எஸ்ஸி. படித்து பெங்களூரில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓயாது, உனக்கே தெரியும்.

ஒன்று சொல்கிறேன். அந்த முதுவர் குடியில் ஒருத்தியே பிள்ளையைச் சுமந்து நான் பார்த்ததில்லை. அம்மாவின் முதுகு வலித்தால் பாட்டியின் முதுகு, இல்லாவிட்டால் அக்காக்காரியின் முதுகு, பிள்ளை கைமாறிக்கொண்டே இருக்கும். நீ பதினோராவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கிறாய். பிரசவத்துக்கு இங்கே வா என்றேன், வரமாட்டேன் என்றாய். அதுவும் நியாயம்தான், வலி எடுத்தவளை நாற்பது கொண்டை ஊசி வளைவில் இறக்கிக் கொண்டுபோவது லேசான காரியமா. ஆனால் பிறந்த பிறகாவது என்னைக் கூப்பிட்டிருக்கலாம்.

பேத்திக்கு இப்போது ஆறு வாரம். அழுகை உச்சத்துக்குப் போகிற நேரம் இதுதான், மூன்று நான்கு மாதத்தில் தானாக இறங்கும். நீ ஏதோ தப்பாகச் செய்வதால் அழுவதில்லை. கனடாவில் மாண்ட்ரியலில் தாய்மார்களை வழக்கத்தைவிட அதிக நேரம் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கச் சொல்லி ஓர் ஆய்வு செய்து 1986ல் வெளியிட்டார்கள், அந்தப் பிள்ளைகள் ஆறாவது வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். எடை குறைந்த பிள்ளையைத் தாயின் மார்போடு கட்டி வைக்கிற கங்காரு முறை எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது. அதுவும் கொலம்பியாவில் பொகோட்டா என்கிற மலை நகரத்தில், இன்குபேட்டர் போதாமல் தொடங்கியதுதான். அதனால் தூக்கி வைத்திரு, கெட்டுப்போகும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. மார்போடு கட்டு, மூக்கைப் பார்த்துக்கொள். காலைத் தொங்கவிடாதே.

பெற்றவளுக்கும் அழுகை வரும். காரணம் இல்லாமலே வரும், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காமல்கூடப் போகும். எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அது குணம் கெட்டதால் வருவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போ என்று அவர்களிடம் சொல்வேன், போனவர்கள் தேறினார்கள். பொதுவாகச் சொல்கிறேன், உன்னைச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை "நல்லா இருக்கோம் அத்தை" என்கிறார். நீ ஃபோனை எடுப்பதில்லை.

நூல் சேலை இரண்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். நான் வந்தால் இரவில் பிள்ளை என்னிடம், நீ தூங்கு. வேறு எதுவும் கேட்கமாட்டேன். வா என்று ஒரு வார்த்தை போடு. போடாவிட்டாலும் வெள்ளிக்கிழமை பொள்ளாச்சியில் இறங்கி, கோயம்புத்தூரில் ரயில் ஏறிவிடுவேன், மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு வரச் சொல்.

அம்மா