கேமரா வாடகைக்குப் பதில் ஒரு மொட்டை மாடி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அனிமேஷன் மாணவர்கள் ரெஃபரன்ஸ் வீடியோ (பாத்திரத்தின் அசைவுக்கு மாதிரியாகப் பார்க்கும் வீடியோ) எடுக்கக் கேமரா வாடகைக்குச் செலவழிப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்த வீடியோ திரைக்கு வரப்போவதில்லை. எடை எந்தக் காலில் நிற்கிறது, கை எந்த ஃபிரேமில், அதாவது வீடியோவின் எந்தத் தனிப்படத்தில், திரும்புகிறது என்று பார்க்கத்தான் அது. அதற்குக் கையிலிருக்கும் போனே போதும்.

பெரும்பாலும் கெடுவது ஃபிரேம் கணக்கில்தான். அனிமேஷன் நொடிக்கு 24 ஃபிரேம். போன் 30 அல்லது 60. 60-ஐ 24 ஆக்கும்போது இரண்டரைக்கு ஒன்று என்று வருவதால் மென்பொருள் ஒருமுறை இரண்டு தள்ளியும் மறுமுறை மூன்று தள்ளியும் எடுக்கும்; நடை நொண்டும். 24 வசதி இருந்தால் அதிலேயே எடுக்கலாம். வேகமான அசைவுக்கு 120 வையுங்கள், சரியாக ஐந்துக்கு ஒன்று. வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் தாமாகவே ஃபிரேமைக் குறைத்துக்கொள்ளும். அதனால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' (மாறாத ஃபிரேம் வேகம்) தேர்ந்து மாற்றிய பிறகே பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளுக்குள் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் முதல் அடி பொருந்தும், பத்தாவது அடி விலகிவிடும்.

டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுக்குவதால், அறைக்குள் ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளியை உள்ளே விடும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால்தான் படத்தில் இருட்டுப் பட்டை விழாது. ஆனால் 1/50-ல் வீசும் கை புகைபோலக் கலைந்து, விரல்களை எண்ண முடியாது. 1/250-க்கு மேல் போக வேண்டுமானால் வெயில் வேண்டும். நம் ஊரில் அது இலவசம். ஒன்றே ஒன்று: இங்கே புதுச்சேரிப் பக்கம் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் ஆள் கறுத்துப்போய், மார்புக்குக் குறுக்கே வரும் கை காணாமல் போகும். கேமராவின் முதுகு கடல் பக்கம் இருக்கட்டும்.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் எடுத்த நடையைத் தரையில் நடக்கும் பாத்திரத்துக்கு வைக்காதீர்கள். மணலில் குதிகால் புதையும், முட்டி கூடுதலாக உயரும், அடி குறுகும். மொட்டை மாடியே நல்லது. அடியின் நீளம் தெரிய, சாக்பீஸால் அரை மீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். 1878-ல் குதிரை ஓட்டத்தைப் படமெடுத்த புகைப்படக்காரர் மைபிரிட்ஜும் கோடு போட்ட வெள்ளைத் திரையைத்தான் பின்னால் வைத்தார். போன் இடுப்பு உயரத்தில், ஐந்து மீட்டர் தள்ளி இருக்கட்டும். கிட்டே வைத்தால் முன்னால் நீளும் கை பூதாகரமாகும். பக்கவாட்டில் இன்னொரு போன். தொடக்கத்தில் ஒரு கைதட்டல், இரண்டையும் பொருத்த. காற்றுக்கு டிரைபாட் ஆடாமல் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடலாம்.

உடையும் ஏமாற்றும். வேட்டிக்குள் முட்டி தெரியாது. அரைக்கால் சட்டையில் ஒருமுறை, வேட்டியில் ஒருமுறை எடுங்கள். குடம் சுமக்கும் காட்சிக்குக் காலிக்குடம் கூடவே கூடாது. நிறைகுடம் இடுப்பில் ஏறியதும் முதுகுத்தண்டு மறுபக்கம் வளையும், மறு கை தானாக விலகி நிற்கும், குடம் இருக்கும் பக்கத்துக் கால் ஊன்றும்போது அடி சற்றே தாமதிக்கும். காலிக்குடத்தோடு எவ்வளவு நன்றாக நடித்தாலும் இந்த மூன்றும் ஒன்றாக வராது.

பயிற்சி நிறுவனங்கள் மென்பொருளைத் தொடும் முன் ஒரு வாரமாவது இதைச் சொல்லித்தர வேண்டும். மாடியைக் காலை ஏழு மணிக்கே திறந்துவிடவும் வேண்டும். கடலூர் துறைமுகத்தில் வலை இழுப்பவர்களை எடுக்கப் போகும் மாணவர்கள் முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள்; எடுத்ததை அங்கேயே போட்டுக் காட்டுங்கள். கயிற்றை எங்கே பிடித்து, எந்தக் காலை ஊன்றி இழுக்கிறோம் என்று அவர்களே விளக்குவார்கள்.

இப்படிக்கு,
அனிமேஷன் பயிற்றுநர்கள் சிலர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.