சாவியைக் கைக்குள் பொத்திய ஐயாவுக்கு

நேற்றிரவு எங்கள் படத்தின் கடைசி ஷாட் முடிந்தது. 'பேக்கப்' சொல்ல எனக்குக் குரல் எழவில்லை; ஸ்டண்ட் மாஸ்டர்தான் சொன்னார். கையில் காசில்லாமல் நடுவில் என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை.

பாதிச் சம்பளத்தில் நின்ற லைட்மேன்கள், தேதி தள்ளிப் போகப் போகத் தாடியை எடுக்காமல் காத்திருந்த நாயகன், எண்பலகையையும் விளக்கையும் மாற்றி மாற்றி ஒரே தாழ்வாரத்தைச் சிறையின் நான்கு பிளாக் ஆக்கிக் காட்டிய ஆர்ட் டைரக்டர், எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் ஓய்வுபெற்ற சிறைக் காவலர். மேக்கப் அண்ணனைப் பார்க்க வந்தவர். செட்டைப் பிரித்துவிடலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த நாள் அது.

செய்யாத கொலைக்குச் சிறைக்குள் போகிறார் எங்கள் கதை நாயகனான இன்ஸ்பெக்டர். அவரே பிடித்துக்கொடுத்தவர்கள் அங்கே அவரைச் சூழ்கிறார்கள். 1989இல் வந்த 'டேங்கோ அண்ட் கேஷ்' ஹாலிவுட் படத்திலும் இதே நிலைமைதான். எங்கள் இடைவேளைச் சண்டையே அதுதான். அறுபது துணை நடிகர்கள் வேண்டும். ஆறு பேருக்குக்கூடக் கையில் காசில்லை.

"போலீஸ்காரரை எதுக்குத் தம்பி கூட்டத்துல விடுறீங்க? உயிருக்கு ஆபத்துன்னு தனியாத்தானே வைப்போம்" என்றார் ஐயா. "ராத்திரி காலடிச் சத்தத்தை வச்சே யாரு வர்றாங்கன்னு கணக்குப் போட்டுக்கிட்டு முழிச்சிருப்பாரு."

செட்டில் கிடந்த சாவிக்கொத்தை எடுத்து, குலுங்காமல் கைக்குள் பொத்திக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தார். அறை வாசலில் விரலைத் தளர்த்தினார். ஒரே ஒரு கிணுக். உள்ளே இருந்த நாயகன், யாரும் சொல்லாமலே, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அன்றிரவே சீனை மாற்றி எழுதினேன். அறுபது பேர் நான்கு பேர் ஆனார்கள். காலைத் தூக்கி உதைக்க இடமில்லாத அறைக்குள் முழங்கை, முழங்கால், போர்வை, தட்டு, அவ்வளவுதான் சண்டை. நாங்கள் எடுத்ததிலேயே நல்ல சண்டை அதுதான் என்று துணிந்து சொல்வேன்.

பணம் நீட்டினேன், வாங்கவில்லை. சவுண்டுக்காக இன்னொரு நாளும் வந்து, அந்தத் தாழ்வாரத்தில் பதினாலு முறை நடந்து கொடுத்தார். முழங்கால் வலி உள்ளவர் என்று பிறகுதான் தெரிந்தது. ஐயா, டைட்டிலில் உங்கள் பெயர் தனி கார்டில் வரும்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பாக்கி தீராமல் படத்தை வெளியே கொடுக்க மாட்டேன்.