உப்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு

டொர்ரெவியேஹா,
9 நவம்பர் 2025

அன்புள்ள முருகேசா,

உன் கடிதத்தை ரெண்டு தடவை படித்தேன். லண்டன் ஹாரோ வீட்டை விற்றுவிட்டு இங்கே ஸ்பெயின் கடலோரத்தில் ஒன்றை வாங்கினால், கையில் நிற்கிற மிச்சத்திலேயே காலத்தை ஓட்டிவிடலாம் என்று செல்வி கணக்குப் போட்டிருக்கிறாளாமே. தங்கச்சி கணக்கில் புலிதான். ஆனால் இந்தக் கணக்கில் பாதி வரிகளை வீடு விற்கிறவன் யாருக்கும் சொல்வதில்லை.

நான் ஏன் இந்த ஊரைப் பிடித்தேன் என்று உனக்குத் தெரியும். முதல் நாள் பேருந்திலிருந்து இறங்கியதும் மூக்கில் ஏறியது உப்புக் காற்று. ஊரை ஒட்டியே உப்பு ஏரி, ரோஸ் நிறத்தில் கிடக்கும். பினோசோ என்ற ஊரில் உள்ள உப்பு மலையைத் தண்ணீரில் கரைத்து, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாயில் கொண்டுவந்து இந்த ஏரியில் விடுகிறார்கள். கரையில் குவித்த உப்பு வெள்ளை வெளேரென்று நிற்கும். நம்ம தூத்துக்குடி முத்தையாபுரம் பக்கம் சைக்கிளில் போனோமே, அதேதான். அன்றைக்கே மனசு விழுந்துவிட்டது. மனசு விழுந்தவனிடம் விலை பேசுவது எல்லோருக்கும் சுலபம்!

நீ அனுப்பிய விளம்பரத்துக்கு வருகிறேன். ரெண்டு படுக்கையறை, மூன்றாம் மாடி, பால்கனியில் எக்கிப் பார்த்தால் கடல், 1,80,000 யூரோ. லண்டன்காரன் கண்ணுக்குக் கொள்ளை மலிவு. பழைய வீடு என்றால் இந்த மாகாணத்தில் கைமாற்று வரி 2025 கணக்கில் 10 சதவீதம். அங்கேயே 18,000 போயிற்று. அதுவும் நீ பேசிய விலைக்குத்தான் வரி என்று நினைக்காதே. நம்ம ஊர் கைடுலைன் வேல்யூ மாதிரி அரசாங்கமே ஒரு மதிப்பு வைத்திருக்கிறது. நீ அதற்குக் கீழே பேசி முடித்தாலும் 2022-லிருந்து வரி அந்த மதிப்புக்குத்தான். வக்கீல், நோட்டரி, பதிவு எல்லாம் சேர்ந்தால் ரெண்டு லட்சத்தைத் தாண்டிவிடும். புதுக் கட்டடம் என்றாலும் தப்பிக்க முடியாது, பெயர்தான் மாறும்: 10 சதவீதம் ஐவா (மதிப்புக் கூட்டு வரி), மேலே 2025 கணக்கில் ஒன்றரை சதவீதம் முத்திரை வரி.

இதைக்கூடச் சமாளித்துவிடலாம். விஷயமே வேறு இடத்தில் இருக்கிறது. வீடு உன் பேரில் இருக்கும், நீ அதில் இருக்க முடியாது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு 180 நாளில் 90 நாள்தான். ஐந்து லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் விசா தருகிற திட்டம் ஒன்று 2013-லிருந்து இருந்தது. இந்த ஏப்ரல் 3-ஆம் தேதியோடு அதையும் மூடிவிட்டார்கள். இனிமேல் நீ எத்தனை லட்சத்துக்கு வாங்கினாலும் அதற்காக ஒரு நாள்கூடக் கூட்டித் தர மாட்டார்கள். நான் 2018-லேயே வந்து பதிந்துவிட்டதால் பிழைத்தேன். இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

உன் வயசுக்கு மிச்சமிருக்கிற வழி, வேலை பார்க்காமல் தங்குகிற விசா. வருமானம் மாதம் 2,400 யூரோ காட்ட வேண்டும், மனைவி என்று செல்விக்கு 600. ஆக வருஷத்துக்கு 36,000. அரசு பென்ஷன் வயசு வருகிறவரை ரெண்டு பேருக்கும் தனியார் மருத்துவக் காப்பீடு கைக்காசில். செல்வி ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறாளே, அதை நிறுத்த வேண்டும். வருஷத்தில் 183 நாளுக்கு மேல் இங்கே இருந்தால் நீ இந்த நாட்டு வரிக் கணக்கில் வந்துவிடுவாய். அப்புறம் தூத்துக்குடி வீட்டு வாடகையையும் இங்கே காட்ட வேண்டும். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் நீ கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாய், தெரியும்.

வாங்காமல் இருக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதே. வருகிற ஜனவரியில் வா, மூன்று மாசம் வாடகைக்கு இரு. அதைத்தான் சொல்கிறேன். விளம்பரத்தில் எல்லாம் ஜூலை வெயில்தான் இருக்கும். ஜனவரியில் இந்த டைல்ஸ் தரையில் காலை வைத்துப் பார். வெயிலுக்குக் கட்டிய வீடுகள், பாதிக்கு மேல் ஹீட்டிங்கே கிடையாது. ஹாரோவில் நடுங்காத நான் இங்கே வீட்டுக்குள் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

வந்தால் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். மணலை ஒட்டிய வீட்டைப் பார்த்து வாயைப் பிளக்காதே. 1988-இல் வந்த கடற்கரைச் சட்டப்படி கரை முழுக்கப் பொதுச்சொத்து. அந்தக் கோட்டுக்குள் விழுந்த வீடு ரெக்கார்டில் உன் பெயரில் இருக்கிற மாதிரி இருக்கும், கடைசியில் அனுபவ உரிமைதான். ஊருக்கு வெளியே தோட்டத்தோடு வீடு என்றால், ஐரோப்பிய யூனியன் பாஸ்போர்ட் இல்லாதவனுக்குச் சில இடங்களில் ராணுவ அனுமதி வேண்டும். மாசக்கணக்கில் இழுக்கும். 2019 செப்டம்பரில் இந்தப் பக்கம் அடித்த வெள்ளத்தில் ஒரிவேலா சுற்று வட்டாரமே மிதந்தது. அதனால் தண்ணீர் எதுவரை ஏறியது என்று தரைத்தளத்துக்காரர்களிடம் கேட்காமல் முன்பணம் கொடுக்காதே.

வில்லங்கம் பார்ப்பதற்கு இங்கே 'நோட்டா சிம்ப்லே' என்று ஒரு தாள் உண்டு, சில யூரோதான். எனக்கும் ஒருத்தர் எடுத்துக் கொடுத்தார். அதில் வீடு சுத்தம். ஆனால் குடியிருப்போர் சங்கத்துக்கு முந்தைய உரிமையாளர் வைத்திருந்த பாக்கி அதில் வராது. சங்கத்திடம் தனியாகச் சான்று வாங்க வேண்டும். எனக்காக வேலை பார்த்த ஆள் வாங்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வருஷத்துப் பாக்கியும் அதற்கு முந்தின மூன்று வருஷத்துப் பாக்கியும் வீட்டோடு சேர்ந்து வாங்கினவன் தலையில் விழும் என்பது சாவி கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அடுத்த மாசமே லிஃப்ட் மாற்றுகிறோம் என்று ஆளுக்கொரு பங்கு கேட்டார்கள். 'டெராமா' என்பார்கள் அதை. நான் முதலில் கற்றுக்கொண்ட ஸ்பானிஷ் வார்த்தை அதுதான். நான் இருப்பதோ முதல் மாடி.

கோடையில் வீட்டை டூரிஸ்டுகளுக்கு விட்டுச் செலவைச் சரிக்கட்டலாம் என்று எழுதியிருந்தாய். அதுவும் கஷ்டம். இந்த ஏப்ரலிலிருந்து, புதிதாக அப்படி விட வேண்டுமென்றால் சங்கத்தில் ஐந்தில் மூன்று பங்குப் பேர் சம்மதிக்க வேண்டும். எங்கள் சங்கத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு விஷயத்துக்குச் சரி என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் உண்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. எதிர்வீட்டுப் பாட்டியின் பேத்தி இங்கே மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது, இந்த ஊரில் வாடகைக்குக்கூட இடம் கிடைக்காமல் உள்ளே தள்ளி ஒரு ஊரிலிருந்து தினமும் வருகிறாள். இந்த மாகாணத்தில் விற்கிற வீடுகளில் பத்தில் நான்குக்கு மேல் வெளிநாட்டுக்காரர்கள் கைக்குத்தான் போகிறது. இந்த வருஷ ஏப்ரலில் வீட்டு விலைக்காக நாடு முழுக்க ஊர்வலம் போனார்கள், அவளும் போனாள். மறுநாள் லிஃப்டில் பார்த்தபோது எப்போதும்போலச் சிரித்தாள். நான்தான் மாடி நம்பரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐரோப்பிய யூனியனைச் சேராதவர்கள், இங்கே குடியிருக்காதவர்கள் வாங்கினால் வீட்டு விலை அளவுக்கே வரி போடலாம் என்று பிரதமர் சான்சேஸ் இந்த வருஷ ஜனவரியில் சொன்னார். இன்னும் சட்டமாகவில்லை. ஆனால் நீ வாங்குகிற வருஷத்தில் ஆகாது என்று யார் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்?

ஆகவே ஹாரோ வீட்டுக்கு இப்போதே போர்டு மாட்டாதே. பெட்டியோடு வா. வெள்ளிக்கிழமைச் சந்தையில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் கிடைக்கும், கருவேப்பிலைக்குத்தான் திண்டாட்டம். டிசம்பரில் ஊருக்குப் போவதாகச் சொன்னாயே, வரும்போது ரெண்டு பாக்கெட் மக்ரூன் எடுத்து வை. உடையாமல் கொண்டுவர வேண்டும், பெட்டியில் போடாதே, கையில் வைத்துக்கொள். அப்படியே ஒரு கனத்த போர்வையும்.

உன்,
சண்முகம்