அக்டோபரின் இரண்டாம் சனிக்கிழமையை விட்டுவிடுங்கள்

சிகாகோ புறநகர்களிலிருந்தும் மாடிசனிலிருந்தும் ஆண்டுதோறும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள டெவில்ஸ் ஏரி மாநிலப் பூங்காவுக்கு இலையுதிர்கால உலா ஏற்பாடு செய்யும் தமிழ்க் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மாடிசனில் குடியிருக்கும் நான், ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் உள்ள அந்த ஏரிக்குச் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, இயன்ற போதெல்லாம் போய் வருகிறவன். உங்கள் உலாக்களிலும் பலமுறை கலந்துகொண்டு, நீங்கள் கொண்டுவந்த புளியோதரையை வஞ்சனையில்லாமல் சாப்பிட்டவன். அந்த உரிமையில் ஒரே ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். எல்லோரும் ஒரே சனிக்கிழமையில் திரள்வதைக் கைவிட்டு, உலாவை மூன்று வாரங்களில் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து வையுங்கள்.

சென்ற ஆண்டு நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். இருபதுக்கும் மேற்பட்ட கார்கள் புறப்பட்டன. காலை பத்தரைக்குள் வந்தவர்களுக்கு இடம் கிடைத்தது. பின்னால் வந்தவர்களுக்கு வாகன நிறுத்தங்கள் நிரம்பிவிட்டதால் காத்திருக்கவோ திரும்பவோ வேண்டியதாயிற்று. சோறு இருந்த கார் உள்ளே, தட்டுகள் இருந்த கார் வெளியே. ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு மகன் வீட்டுக்கு வந்து, அடுத்த வாரம் விமானம் ஏற இருந்த ஒரு பெரியவர், மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்தும், சாலையோரத்தில் வரிசையாக நின்ற கார்களின் பின்விளக்குச் சிவப்பைத்தான் அதிகம் பார்த்தார். பூங்காவைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. விஸ்கான்சினில் மிக அதிகமானோர் வரும் மாநிலப் பூங்கா அது. அக்டோபர் வார இறுதியில் அங்கே கூட்டம் இல்லாமலிருந்தால்தான் வியப்பு.

'உச்ச வண்ணம்' என்று ஒரே ஒரு நாள் இருப்பதாக நாம் நம்புவதுதான் இதற்கெல்லாம் அடிப்படை. முகூர்த்தம் குறிப்பதுபோல் அந்த நாளைக் குறிக்கிறோம். மரங்களுக்கு அப்படியொரு முகூர்த்தம் கிடையாது. பகற்பொழுது சுருங்கச் சுருங்க, இலைக்காம்பின் அடியில் தக்கை போன்ற ஓர் அடுக்கு வளர்ந்து இலைக்கும் கிளைக்கும் இடையிலான போக்குவரத்தை மெல்ல அடைக்கிறது. பச்சையம் சிதைகிறது; கோடை முழுதும் அதன் பின்னே மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளித்தெரிகிறது. சிவப்பின் கதை வேறு. இலைக்குள் தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு அப்போதுதான் புதிதாக உருவாகும் நிறமி அது. வெயிலான பகலும் உறைநிலைக்குப் போகாத குளிர்ந்த இரவும் தொடர்ந்து அமைந்தால் சிவப்பு கூடும். வறட்சி வந்தால் இலைகள் முந்தியே உதிரும். ஒரே இரவுக் காற்றும் மழையும் எல்லாக் கணக்கையும் மாற்றிவிடும். ஆகஸ்டிலேயே வாட்ஸ்அப்பில் தேதியை உறுதிசெய்வது எவ்வளவு துணிச்சல் என்று எண்ணிப் பாருங்கள்.

அதோடு, அந்த ஏரியைச் சுற்றி ஒரே வகை மரமும் இல்லை. மேப்பிள்கள் முதலில் நிறம் மாறும். சென்ற ஆண்டு அக்டோபர் முதல் வாரத்தில் நான் பொறுக்கிய ஒரு மேப்பிள் இலையில் நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்க, இடைப்பட்ட பரப்பெல்லாம் செம்மண் சாந்து பூசினாற்போல் சிவந்திருந்தது. இரண்டு நாள் கழித்து அது அந்த நிறத்தில் இருந்திருக்காது. ஹிக்கரியின் மஞ்சளுக்கும் தனி நேரம் உண்டு. மேப்பிள்கள் மொட்டையான பிறகும் ஓக் மரங்கள் செம்பழுப்பைத் தாங்கி நிற்கும். இளம் ஓக்குகளில் காய்ந்த இலைகள் குளிர்காலத்திலும் உதிராமல் சலசலக்கும். என்னைக் கேட்டால், 'எல்லாம் முடிந்துவிட்டது' என்று நீங்கள் ஒதுக்கும் அந்தக் கடைசி வாரமே சிறந்தது. இலைத்திரை விலகிய பிறகுதான் பாறைகளின் இளஞ்சிவப்பு முழுதாகத் தெரிகிறது.

அந்தப் பாறைகளும் காணவேண்டியவையே. 160 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட குவார்ட்சைட் என்னும் கடினமான பாறை, ஏரியிலிருந்து 500 அடி உயரம் வரை எழுந்து நிற்கிறது. பனிக்காலத்தில் பனிப்பாறை கொண்டுவந்து கொட்டிய மண்ணும் கல்லும் பள்ளத்தாக்கின் இரு வாய்களையும் அடைத்ததால் உண்டானதே இந்த ஏரி. 1911-இல் மாநிலப் பூங்காவாவதற்கு நெடுங்காலம் முன்பே, இப்பகுதியின் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்கள் இதைப் புனித ஏரி என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். அது ஆங்கிலத்தில் பேயின் ஏரியானது பெயர்த்தவர்களின் கைங்கரியம். தென்கரையில் பூர்வகுடிகள் பறவை வடிவில் எழுப்பிய ஒரு பழைய மண்மேடு இருக்கிறது. சென்ற ஆண்டு நெரிசலில் நம் பிள்ளைகள் அதன் மேல் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். நூறு பேரில் யார் யாரைக் கண்டிப்பது என்று நானும் வாய்திறக்காமல் இருந்துவிட்டேன். பத்துப் பேர் போயிருந்தால் சொல்லியிருப்பேன்.

எனவே அக்டோபரின் முதல் வாரத்துக்கு ஒரு குழு, நடுவில் ஒரு குழு, கடைசியில் ஒரு குழு என்று பிரியுங்கள். இறுதித் தேதியை ஒரு வாரம் முன்னதாக முடிவுசெய்தால் போதும். விஸ்கான்சின் சுற்றுலாத் துறை கவுன்டிவாரியாக வெளியிடும் இலைவண்ண நிலவரம் அதற்கு உதவும். விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் வாரநாளில் வாருங்கள். முடியாதவர்கள் ஞாயிறு காலை எட்டு மணிக்குள் வாருங்கள். நம்மவர்களுக்கு இது கடினம் என்பது எனக்குத் தெரியும்.

பெற்றோரை அழைத்து வருபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும். 'பேலன்ஸ்டு ராக்' என்னும் பாறைக்கு ஏறும் செங்குத்தான கற்படிகளில் அவர்களை நிறுத்திப் படம் எடுக்கவேண்டாம். மேற்குக் கரையில் உருண்டு கிடக்கும் பாறைகளின் நடுவே போகும் பாதை பெரும்பாலும் சமதளம். மூட்டு வலி உள்ளவர்களும் மெதுவாக நடக்கலாம். தலை நிமிர்ந்தால், மலைமுகட்டின் மேல் பிணந்தின்னிக் கழுகுகள் சிறகசைக்காமல் வட்டமிடுவது தெரியும்.

அக்டோபர் கடைசி வாரத்துச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தென்கரையில் இருப்பேன். கார் இரண்டுக்கு மேல் வேண்டாம். இம்முறை புளியோதரை என் பொறுப்பு; தட்டுகளும் என் காரிலேயே வரும்.

அன்புடன்,
உங்களோடு நடந்துவந்த ஒருவன்