சிப் இசை பொத்தானை அழுத்தினால் வருவதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீடியோ கேம் கருவிகளில் இசையமைப்போரைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆவலுடன் படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்றில் 'சிப் இசை' எனப்படும் இந்த இசைக்கு அரைப்பக்கம் கிடைத்ததே எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால், 'ஒலிகளைக் கருவியே உருவாக்கிக் கொடுத்துவிடுகிறது, கலைஞர் பொத்தானை அழுத்தினால் போதும்' என்று அதில் வந்திருந்த வரி உண்மைக்கு நேர்மாறானது. பதினோரு ஆண்டுகளாக ஒரு பழைய கேம் பாயில் மெட்டுக் கட்டி வருபவன் என்ற முறையில், அதை மறுத்து எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

கேம் பாய் 1989-இல் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட கையடக்க விளையாட்டுக் கருவி. அதிலுள்ள சிப்பால் ஒரே நேரத்தில் நான்கு ஒலிகளைத்தான் எழுப்ப முடியும். இரண்டு தடங்களில் மேலும் கீழுமாகச் சட்டென மாறும் சதுர அலை, ஒன்றில் முப்பத்திரண்டு புள்ளிகளை ஏற்றி இறக்கி நாமே வரைந்துகொள்ளும் அலை, நான்காவதில் வெறும் இரைச்சல். வீணையோ பியானோவோ எதுவும் அதனுள் பதிவாகிக் காத்திருக்கவில்லை. ஜெர்மனியின் ஆலிவர் விட்சோ 1998-இல் உருவாக்கிய நானோலூப், சுவீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி 2000-இல் உருவாக்கிய லிட்டில் சவுண்ட் டிஜே ஆகிய இரு நிரல்களும்தான் இந்தக் கருவியை இசைப்போர் கையில் கொண்டு சேர்த்தன. நான் எழுதுவது இரண்டாவதில்.

'எழுதுவது' என்ற சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன். திரையில் பதினாறு வரிகள் மேலிருந்து கீழாக வரும். ஒவ்வொரு வரியிலும் எந்தச் சுரம், எந்த வாத்தியம், அதை என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை ஆகியவற்றைத் திசைக்கட்டையாலும் நான்கு பொத்தான்களாலும் ஒவ்வொன்றாக இட வேண்டும். ஒரு சதுர அலைத் தடத்தால் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் ஒலிக்க முடியும் என்பதால், மைனர் கார்டு (மூன்று சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு கூட்டு) வேண்டுமென்றால் அந்த வரியில் 'சி37' என்று இடுகிறோம். ஆதார சுரம், அதற்கு மேல் மூன்றாவது அரைச்சுரம், ஏழாவது அரைச்சுரம் ஆகிய மூன்றும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மாறி மாறி ஒலிக்க, காது அவற்றைச் சேர்த்து ஒரே கார்டாகக் கேட்கிறது. சிப் இசை என்றதும் நினைவுக்கு வரும் அந்தச் சலசலப்பு, மூன்று குரலின் வேலையை ஒரு குரலிடம் வாங்கியவர்களின் கண்டுபிடிப்பே.

என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏழு அட்சரம் கொண்ட மிஸ்ர சாபு தாளத்தில் ஒரு மெட்டு எழுத முயன்றபோது, பதினாறு வரியை நிரல் தானாகக் குறைத்துக் கொடுக்கவில்லை. வரிகளுக்குப் பூஜ்யம் முதல் ஒன்பது வரையும், பிறகு ஏ முதல் எஃப் வரையும் எண்ணிட்டிருப்பார்கள். 'ஈ' என்ற பதினைந்தாவது வரியில் 'ஹெச்' கட்டளையை இட்டால் பதினான்கு வரியோடு அடுத்த பகுதிக்குத் தாவிவிடும். அரை அட்சரத்துக்கு ஒரு வரியாக ஏழு அட்சரம் கணக்காக அமையும். ஆனால் நான்கு தடங்களும் தனித்தனியே ஓடுபவை. இரைச்சல் தடத்தில் அந்தக் கட்டளையை இட மறந்துவிட்டேன். தாளம் மட்டும் சுற்றுக்கு இரண்டு வரி பின்தங்கிக்கொண்டே போய், எட்டாவது சுற்றின் முடிவில் மற்ற மூன்றோடும் மறுபடி வந்து சேர்ந்தது. அது எவ்வளவு அழகாக விழுந்தது என்றால், அந்த மெட்டில் இன்றுவரை அதைத் திருத்தவில்லை. அதைக் கேட்டுப் பிடித்து, இருக்கட்டும் என்று முடிவு செய்தது கருவி அல்ல.

கட்டுரையில் வரலாறு இரண்டே வரியில் முடிந்துவிட்டது. அதில் ஒரு மனிதர் பெயர்கூட இல்லை. 1982-இல் வந்த காமடோர் 64 கணினியின் 6581 ஒலிச் சிப்பை வடிவமைத்த பாப் யானஸ், பின்னாளில் சின்தசைசர் செய்யும் என்சோனிக் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். மூன்றே குரல் கொண்ட அந்தச் சிப்புக்கு, இங்கிலாந்தின் ராப் ஹப்பர்ட் ஒவ்வொரு சுரத்தையும் எண்ணாக, கணினிக்கு நேரடியாகக் கட்டளையிடும் அசெம்பிளி நிரலுக்குள் எழுதி இசையமைத்தார். பாஸ் சுரங்களுக்கு இடையில் டிரம் அடியைச் செருகி, இரண்டையும் ஒரே குரலில் கேட்க வைப்பது அக்காலத்தவரின் கைவேலை. அந்தச் சிப்பில் ஒலியளவை மாற்றும்போதெல்லாம் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது ஒரு பிழை. அந்தப் பிழையையே நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை தூண்டி, பேச்சுக் குரலையும் பறையடிபோன்ற ஒலியையும் வரவழைத்தார்கள். பின்னர் வந்த 8580 சிப்பில் பிழையைச் சரிசெய்ததும், அதே நிரல்களில் அந்த ஒலிகள் மிக மெலிந்துபோயின. வரி வரியாக இப்படி இசை எழுதும் நிரல்களுக்கு வழங்கும் டிராக்கர் என்ற பெயர், ஜெர்மனியின் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி அமிகா கணினிக்காக 1987-இல் எழுதிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் என்ற நிரலிலிருந்து வந்தது. அதில் ஒரு பகுதிக்கு நான்கு நெடுவரிசை, அறுபத்து நான்கு வரி. இன்றைய டிராக்கர்கள் எல்லாம் அதன் வழித்தோன்றல்களே. (அமிகா பதிவு செய்த ஒலித்துணுக்குகளை ஒலிப்பது, கேம் பாயும் காமடோரும் அலையைத் தாமே எழுப்புபவை. கட்டுரை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.)

நம் ஊருக்கும் இந்த ஒலிக்கும் உள்ள உறவையும் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். தொண்ணூறுகளில் 'டிவி கேம்' என்று நம் கடைகளில் விற்றவற்றுள் பெரும்பாலானவை தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் நிண்டெண்டோவின் பழைய கருவியைப் பார்த்துச் செய்த நகல்கள். அத்தகைய நகல் சிப்புகள் பலவற்றில் சதுர அலையின் கால் அகலமும் அரை அகலமும் (ஒவ்வொரு சுற்றிலும் அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்ற அளவு; கால் என்றால் ஒலி மெலியும், அரை என்றால் தடிக்கும்) இடம் மாறியிருந்தன. ஆகவே ஜப்பானிய இசையமைப்பாளர் மெலிந்து கூர்மையாக ஒலிக்க வேண்டும் என்று எழுதிய இடம், நகல் கருவி வாங்கிய வீட்டில் தடித்து உருண்டையாக ஒலித்தது. அப்படிக் கேட்டு வளர்ந்த எனக்கு, அசல் கருவியின் ஒலியை முதன்முறை கேட்டபோது ஏதோ தவறாக இருப்பதாகவே பட்டது.

மேடையைப் பற்றி ஒன்று. நியூயார்க்கில் 2006-இல் தொடங்கிய பிளிப் என்ற சிப் இசை விழாவில் இக்கலைஞர்கள் திரண்ட கூட்டத்தின் முன்னே நின்று வாசித்தார்கள். வாசிப்பது என்றால், எழுதி வைத்த பகுதிகளை அங்கேயே வரிசை மாற்றி அடுக்குவதும், தடங்களை நிறுத்துவதும் திறப்பதும், இணைப்புக் கம்பியால் பூட்டிய இரண்டு கருவிகளைச் சேர்த்து நடத்துவதும் ஆகும். கல்லூரி விழா ஒன்றில் நான் வாசித்துக்கொண்டிருந்தபோது, ரெக்கார்டு ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்த ஒலியமைப்பாளர், மெட்டின் நடுவிலேயே இணைப்பை எடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளங்கையளவு திரையில் நடப்பது மூன்றாவது வரிசைக்குக்கூடத் தெரியாது. அதற்குப் பின் நான் திரைக்கு மேலே ஒரு கேமராவைப் பொருத்தி, என் விரல்கள் பின்புறச் சுவரில் தெரியும்படி செய்துகொள்கிறேன். ஆனால் அவர் மனத்தில் இருந்த எண்ணமும் தங்கள் கட்டுரையின் வரியும் ஒன்றே என்பதால்தான் இதை எழுத நேர்ந்தது.

கேம் பாயில் செருகும் கேட்ரிட்ஜில் நாம் எழுதி வைக்கும் மெட்டுகளை ஒரு சிறு பட்டன் பேட்டரிதான் காத்துக்கொண்டிருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் என்னுடையது தீர்ந்துபோக, நகல் எடுத்து வைக்காத ஒன்பது மெட்டுகள் ஓர் இரவில் அழிந்தன. புதுப் பேட்டரி வைத்துப் பற்றவைத்தேன். கருவி உடனே வேலை செய்தது. பொத்தானை அழுத்தினால் அதுவே கொடுத்துவிடும் என்றால் அந்த ஒன்பதும் அன்றே எனக்குத் திரும்பக் கிடைத்திருக்க வேண்டும். திரையில் வந்தவை பதினாறு வெற்று வரிகள். இரண்டை மட்டும் நினைவிலிருந்து மீட்டு எழுத முடிந்தது, அதற்கே ஆறு மாதம் ஆனது.

அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிடுமாறும், இனி இத்துறை பற்றி எழுதும்போது நிரலையும் மெட்டையும் எழுதியவர்களின் பெயர்களைத் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருநெல்வேலி